எட்டு மணி நேரக் கூத்துப் பதிவில் வேண்டிய காட்சியை உடனே எடுப்பது எப்படி?

வந்தவாசி வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2005-ஆம் ஆண்டு எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்தபோது, என் தந்தையார் நான்கு இரவுக் கூத்துகளை முழுமையாகப் படம் பிடித்து வைத்தார். வில் வளைப்பு, பகடை துகில், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் ஆகிய நான்கும், களரி கட்டும் தொடக்க இசை முதல் பொழுது விடியும் வரை, மினி டிவி (MiniDV) எனப்படும் சிறிய டிஜிட்டல் கேசட்டுகளில், இரவுக்கு எட்டு வீதம் பதிவாகியிருக்கின்றன. கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஆடுகளம் முழுவதும் தெரியும்படி வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் குறிப்பும் எழுதி வந்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் கொடுத்து இவற்றை எம்.பி.4 கோப்புகளாக மாற்றி வாங்கினேன். ஓர் இரவுக்கு ஒரே கோப்பு. பகடை துகில் மட்டும் 7 மணி 40 நிமிடம் ஓடுகிறது.

சென்ற மாதம், அந்த இரவில் துரியோதனன் வேடம் கட்டிய கலைஞரின் பேரன் வீட்டுக்கு வந்திருந்தார். அவரும் இப்போது வேடம் பழகுகிறார். தாத்தா திரைக்குப் பின்னால் நின்று பாடிய விருத்தத்தை ஒருமுறை கேட்க வேண்டும் என்றார். ஒன்றரை மணி நேரம் தேடியும் அந்த இடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பிளேயரின் கீழுள்ள கோட்டை நூலளவு நகர்த்தினாலும் சில நிமிடங்கள் தாண்டிவிடுகின்றன. ஓர் இடத்தின் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு மறுபடி அங்கே போனாலும், சரியாக அங்கே நிற்காமல் சில நொடிகள் முன்னதாகவே தொடங்குகிறது. கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் அவர் கேட்காமலே கிளம்பிப் போனார். அது மனத்தை மிகவும் உறுத்துகிறது.

காட்சிகளைத் தானாகப் பிரிக்கும் மென்பொருள் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். ஏழரை மணி நேரத்தில் அது கண்டுபிடித்தவை ஒன்பது இடங்கள்: ஏழு கேசட் மாறிய இடங்கள், இரண்டு மின்விளக்கு அணைந்த இடங்கள். காட்சிவாரியாக வெட்டித் தனித்தனிக் கோப்புகளாக வைத்துக்கொள்வதுதான் வழியா, அல்லது முழுக் கோப்பிலேயே தேடுவதை எளிதாக்க முடியுமா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

எண்மப் பேழை எழுதியது:

வணக்கம். தயவுசெய்து கோப்பை வெட்டிவிடாதீர்கள். கூத்தில் ஒருவர் உள்ளே போகும்போதே அடுத்தவருக்கான தாளம் தொடங்கிவிடும். எங்கே வெட்டினாலும் ஒன்றின் வாலோ மற்றொன்றின் தலையோ போய்விடும். முழுக் கோப்புக்குள்ளேயே, ஒரே விசையில் தாவ உதவும் அத்தியாயக் குறிகள் வைத்தால், நாளைக்கு ஓர் எல்லை தவறு என்று தெரிந்தாலும் குறியை மட்டும் நகர்த்திக்கொள்ளலாம்.

மென்பொருள் தோற்றதற்குக் காரணம் இருக்கிறது. பைசீன்டிடெக்ட் போன்ற மென்பொருள்கள் அடுத்தடுத்த பிரேம்களின், அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்களின், நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு குறிப்பிட்ட அளவைத் தாண்டும் இடத்தைக் காட்சி மாற்றம் என்று கொள்கின்றன. திரைப்படத்தில் ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் வெட்டுகளைப் பிடிப்பதற்கு அது போதும். அசையாத ஒரே கேமராவில் எடுத்த உங்கள் பதிவில் வெட்டு என்பதே கிடையாது. ஆகவே அது கேசட் மாறியதையும் விளக்கு அணைந்ததையும் மட்டும் கண்டது.

குறித்த நேரத்தில் நிற்காமல் முன்னதாகத் தொடங்குவதற்கும் இதே அசையாத கேமராதான் ஒரு வகையில் காரணம். எச்.264 என்னும் முறையில் சுருக்கிய வீடியோவில் எல்லாப் பிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை; இடையிடையே வரும் கீஃப்ரேம் மட்டுமே தனித்து நிற்கும் முழுப் படம், மற்றவை பக்கத்துப் பிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டுமே வைத்திருக்கும். அப்படிச் சுருக்கித் தரும் மென்பொருளான எக்ஸ்264 என்கோடரின் இயல்பான அமைப்பில் இரண்டு கீஃப்ரேம்களுக்கு நடுவே அதிகபட்சம் 250 பிரேம்கள் வரலாம். நம் நாட்டு வீடியோவுக்கான பால் (PAL) முறையில் நொடிக்கு 25 பிரேம்கள் என்பதால் அது 10 நொடி. வெட்டுள்ள படமானால் ஒவ்வொரு வெட்டிலும் என்கோடர் புதிதாக ஒரு கீஃப்ரேமை வைத்துவிடும். உங்கள் பதிவில் அதற்கு வேலையே இல்லாததால், கடைக்காரர் அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால், ஏறக்குறைய எல்லா இடத்திலும் முழுப் பத்து நொடி இடைவெளியே நின்றிருக்கும். பல பிளேயர்கள் வேகத்துக்காக முந்தைய கீஃப்ரேமில் போய் நின்றுவிடுகின்றன. எம்பிவி பிளேயரில் துல்லியமாகத் தாவும் அமைப்பை இயக்கினால், அது கீஃப்ரேமிலிருந்து வேண்டிய பிரேம் வரை கணக்கிட்டுச் சரியான இடத்தில் நிறுத்தும். மறுபடி என்கோடு செய்யும் வாய்ப்பு வந்தால் இடைவெளியை 50 பிரேம்களாக, அதாவது 2 நொடியாகக் குறையுங்கள். கோப்பு சற்றுப் பெரிதாகும், ஆனால் எந்தப் பிளேயரும் சொன்ன இடத்துக்கு அருகிலேயே நிற்கும்.

அத்தியாயம் வைப்பதற்கு எம்கேவிடூல்நிக்ஸ் (MKVToolNix) என்ற மென்பொருள் போதும். எம்.பி.4 கோப்பை மறுசுருக்கம் இல்லாமலே எம்.கே.வி. என்ற கோப்பு வகைக்கு மாற்றி, அதன் அத்தியாயப் பகுதியில் தொடங்கும் நேரத்தையும் பெயரையும் எழுதிச் சேமிக்கலாம். எம்.கே.வி.யில் ஓர் அத்தியாயத்துக்குள் உள் அத்தியாயங்களும் வைக்க முடியும் என்பதால், துரியோதனன் வருகை என்பது மேலே, அதற்குள் விருத்தம், தரு என்னும் கூத்துப் பாட்டு, வசனம் என்று பிரிக்கலாம். பெயர்களைத் தமிழிலேயே எழுதுங்கள். பட்டியலை வெளியே உரைக் கோப்பாகத் தயாரித்துச் சேர்ப்பதானால், அதை யூனிகோடு யுடிஎஃப்-8 ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

நாடா சேகரிப்பாளர் எழுதியது:

மேலே சொன்னவை எல்லாம் சரியே. ஆனால் குறி எங்கே வைப்பது என்பதுதான் இங்கே பெரிய வேலை; அதற்கான விடையை உங்கள் தந்தையாரே எழுதி வைத்திருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். அந்த நோட்டில் அவர் மணி குறித்திருக்கிறாரா? மூலக் கேசட்டுகள் இன்னும் இருக்கின்றனவா?

மினி டிவி கேசட்டில் ஒவ்வொரு பிரேமோடும், அது எடுக்கப்பட்ட தேதியும் மணியும் நொடி வரை பதிவாகும். திரையில் தெரியாது, படத்தோடு சேர்ந்த தரவாக உள்ளே இருக்கும். எம்.பி.4 ஆக மாற்றும்போது பொதுவாக இந்தத் தரவு உதிர்ந்துவிடுகிறது. ஃபயர்வயர் என்னும் கேபிள் இணைப்புள்ள பழைய கணினி ஒன்றில், லினக்ஸில் ஓடும் டிவிகிராப் (dvgrab) என்ற மென்பொருள் கொண்டு கேசட்டை உள்ளபடியே இறக்கினால், மணிக்கு ஏறத்தாழ 13 ஜிபி இடம் பிடிக்கும். ஆனால் பதிவு நேரம் முழுவதும் உடன் வரும். பதிவுத் தேதியையும் மணியையும் ஓடும் நேரத்தோடு பொருத்தி சப்டைட்டில் கோப்பாக எழுதித் தரும் அமைப்பும் அதில் இருக்கிறது. அதோடு, இந்தக் கேசட்டின் டிவி (DV) பதிவு முறையில் ஒவ்வொரு பிரேமும் முழுப் படமே என்பதால் மேலே பேசிய கீஃப்ரேம் சிக்கலும் மூலத்தில் கிடையாது.

நோட்டில் கைக்கடிகார மணி, கேசட்டில் கேமரா மணி. இரண்டையும் பொருத்தினால் காட்சி கிடைத்துவிடும். இரண்டு கடிகாரங்களும் ஒன்றாக ஓடியிருக்காது என்பதால், ஐயத்துக்கு இடமில்லாத ஒரு நிகழ்வை, கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் முதலில் திரையை விட்டு வெளியே வருவது போன்ற ஒன்றை, எடுத்துக்கொண்டு வித்தியாசத்தை முதலில் கணக்கிடுங்கள். கேசட் மாற்றும்போது ஒன்றிரண்டு நிமிடம் பதிவாகாமல் போயிருக்கும். எனவே ஏழரை மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே கணக்கு வைக்காமல், ஒவ்வொரு கேசட்டின் முதல் பிரேமிலிருந்து தனித்தனியாகக் கணக்கிட வேண்டும்.

வந்தவாசி வாசகர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கேசட்டுகள் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன, கேமராவும் ஓடுகிறது. நோட்டில் எல்லாக் குறிப்புக்கும் மணி எழுதியிருக்கிறார். ‘11.40 துரியோதனன் திரை’ என்ற வரியை நேற்றிரவு பார்த்தபோது, இத்தனை நாள் இதைக் கையில் வைத்துக்கொண்டா கோட்டை இழுத்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. கர்ண மோட்ச இரவுக்கான பக்கங்கள் மட்டும் மழையில் நனைந்து மை கரைந்துவிட்டன. அந்த ஓர் இரவுக்கு வேறு வழி உண்டா?

களரிப் பார்வையாளர் எழுதியது:

வணக்கம் ஐயா. கர்ண மோட்சத்துக்குக் கூத்தே ஒரு வழி வைத்திருக்கிறது. முக்கியமான வேடம் ஒவ்வொன்றும் இருவர் பிடித்த திரைக்குப் பின்னால்தான் முதலில் வருகிறது. உள்ளிருந்தே விருத்தம் பாடி, கிரீடத்தின் நுனியைக் காட்டி, சலங்கையை ஒலித்து, அதன் பிறகுதான் திரை விலகும். இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நேரம் முழுவதும் ஆடுகளத்தின் நடுவே ஒரு துணி நின்றுகொண்டிருக்கும்.

எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற மென்பொருள் கொண்டு பத்து நொடிக்கு ஒரு படம் எடுங்கள். 7 மணி 40 நிமிடக் கோப்பானால் 2,760 படங்கள் வரும். ஒரு தாளுக்கு 60 சிறு படங்களாக, ஒவ்வொன்றின் மூலையிலும் நேரத்தைப் பதித்து அடுக்கினால் 46 தாள்கள். திரை பத்து நொடிக்கு மேல் நிற்பதால் எந்த வருகையும் இதில் தப்பாது. கண்ணால் புரட்டினால் ஒரே வண்ணத் துணி வரிசையாகப் பல கட்டங்களில் தெரியும் இடமெல்லாம் ஒரு வேடத்தின் வருகை. ஒரு மாலை நேரத்தில் ஓர் இரவை முடித்துவிடலாம். இதையும் கணினியிடமே விட வேண்டுமென்றால், படத்தில் திரை பிடிக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து அதன் சராசரி நிறத்தைக் கணக்கிடச் சொல்லலாம். ஆனால் நான்கு இரவுக்காக அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

பேச்சை எழுத்தாக்கும் கருவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரேனும் பரிந்துரைப்பார்கள். 2022-இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் தமிழையும் எழுதும். நேரத்தோடு சப்டைட்டில் கோப்பாகவும் தரும். பாடம் நடத்தும் காணொளியிலோ உரையிலோ ஒரு சொல்லைத் தேடி உரிய இடத்துக்குப் போவதற்கு அது மிகவும் பயன்படுகிறது. ஆனால் அது ஒலியை 30 நொடித் துண்டுகளாக எடுத்துக் கேட்கிறது. முகவீணை என்னும் ஊதுகருவியும் ஆர்மோனியமும் மத்தளமும் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் இல்லாத வரிகளை எழுதுவதும், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதுவதும் உண்டு. கட்டியக்காரனின் வசனத்துக்கு ஓரளவு உதவலாம். விருத்தத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

பெயர் வைப்பதில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். ‘காட்சி 7’ என்று எழுதினால் ஐந்து ஆண்டு கழித்து உங்களுக்கே புரியாது. யார், என்ன, பாட்டின் முதல் சொற்கள் என்ற மூன்றும் பெயரில் இருக்கட்டும். கூத்துக்காரர்கள் துச்சாதனன் என்பார்கள், படித்தவர்கள் துச்சாசனன் என்று தேடுவார்கள். அத்தியாயத்தில் களரியில் சொல்லும் பெயரை வைத்து, உடன் வைக்கும் உரைக் கோப்பில் இரண்டு வடிவங்களையும் எழுதிவிடுங்கள். அந்த உரைக் கோப்பை வீடியோவின் பெயரிலேயே அதே கோப்புறையில் வைத்தால், நான்கு இரவுகளிலும் ஒரு சொல்லை ஒரே நேரத்தில் தேட முடியும்.

யூடியூபில் ஏற்ற எண்ணமிருந்தால், கலைஞர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் கேட்டுக்கொண்டு ஏற்றுங்கள். அங்கே விளக்கப் பகுதியில் நேரமும் பெயரும் வரிவரியாக எழுதினாலே அத்தியாயங்கள் அமைந்துவிடும். முதல் வரி 0:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று நேரங்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையக் கூடாது.

வந்தவாசி வாசகர் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பகடை துகில் இரவின் எட்டுக் கேசட்டுகளையும் நண்பர் ஒருவரின் பழைய கணினியில் இறக்கிவிட்டோம். பதிவு நேரம் அப்படியே இருக்கிறது. நோட்டில் கட்டியக்காரன் வருகை 10.15, கேசட்டில் அதே இடம் 10 மணி 19 நிமிடம். ஆகவே கேமரா 4 நிமிடம் முந்தி ஓடியிருக்கிறது. துரியோதனன் திரை நோட்டில் 11.40 என்பதால் கேமரா கணக்கில் 11.44. இரண்டாம் கேசட்டின் முதல் பிரேம் 10 மணி 52 நிமிடம் 10 நொடி. கழித்தால் 51 நிமிடம் 50 நொடி. அங்கே போய் நின்றோம். முப்பத்தைந்து நொடி கழித்து இருவர் திரையைத் தூக்கிக்கொண்டு களத்துக்குள் வந்தார்கள். முதல் கேசட் 60 நிமிடம் 12 நொடி என்பதால், சேர்த்த கோப்பில் அந்த இடம் 1:52:37.

பேரனை அன்றே தொலைபேசியில் அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிய, விருத்தத்தின் கடைசி அடியை முகவீணை திருப்பி வாசிக்கும் வரை அவர் எதுவும் பேசவில்லை. பிறகு மறுபடி போடச் சொன்னார். அத்தியாயம் இருந்ததால் ஒரே விசையில் அங்கே போக முடிந்தது. ஏழெட்டு முறை கேட்டு, தன் பாடப் புத்தகத்தில் இல்லாத இரண்டு அடிகளை எழுதிக்கொண்டு போனார்.

இதுவரை அந்த ஓர் இரவுக்கு 64 அத்தியாயங்கள் வைத்திருக்கிறேன். இரண்டு இடங்களில் நோட்டின் மணி பத்து நிமிடம் தள்ளியிருந்தது. தூக்கக் கலக்கத்தில் எழுதியிருப்பார் போலும், இரண்டுமே விடியற்காலை நான்கு மணிக்கு மேற்பட்டவை. கர்ண மோட்சத்துக்குச் சிறுபடத் தாள்கள் தயாராகிவிட்டன. முதல் ஆறு தாள்களில் நான்கு திரைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று யாருடைய வருகை என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சிறு படங்களை நாளை இங்கே இடுகிறேன், வேடத்தை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.