அப்பாவைக் கழுதைக் காப்பகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும், போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

செல்லூர்க்காரன்:

வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. எங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில், துவைப்பு வைகையில்தான். வெள்ளாவிக்கு உவர்மண் கொண்டு வருவதிலிருந்து துணி மூட்டையை ஆற்றுக்கும் வீட்டுக்கும் சுமப்பது வரை எல்லாவற்றுக்கும் கழுதைதான். ஆற்றில் தண்ணீர் நின்று, மூட்டை டிவிஎஸ் 50-இல் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டார். கடைசியில் மிஞ்சியவை இரண்டு, கருப்பன், மயிலை. 2009-இல் அம்மாவின் ஆபரேஷனுக்குப் பணம் தேவைப்பட்டபோது கருப்பனை மட்டும் ஒரு செங்கல் சூளைக்காரருக்கு விற்றார். அன்று ராத்திரி முழுக்க மயிலை கத்திக்கொண்டே இருந்தது. மறுநாளிலிருந்து தீவனத்தில் வாய் வைக்கவில்லை. ஆறாம் நாள் காலையில் கொட்டகையில் செத்துக் கிடந்தது.

அப்பா இதைப் பற்றிப் பேசவே மாட்டார். போன மாதம் என் மகள் செல்போனில் மீட்கப்பட்ட கழுதைகளின் வீடியோ ஒன்றைக் காட்ட, அதையே நாலைந்து முறை போடச் சொன்னார், அப்புறம் "இது எங்கே இருக்கு, நாம போக முடியுமா" என்று கேட்டார். அவர் வாய்விட்டு எதையும் கேட்கிற ஆள் இல்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் அப்படி எங்கே இருக்கிறது? வயதானவரைக் கூட்டிப்போகலாமா? ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்கிறார், கொண்டுபோகலாமா?

திருமங்கலம் டு கோவை:

மசினகுடி பக்கம் மாவனல்லாவில் ஹில் வியூ ஃபார்ம் என்று ஒரு விலங்குக் காப்பகம் இருக்கிறது, ஐபேன் என்ற அமைப்பினுடையது. மாடு, குதிரை, கழுதை எல்லாம் உண்டு. சுற்றுலாத் தலம் மாதிரி டிக்கெட் எடுத்து நுழைகிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள், அவர்களுக்கு வைத்தியமும் பராமரிப்பும்தான் வேலை, அதனால் முதலில் எழுதிக் கேட்டு, வரச் சொன்னால் மட்டும் போங்கள். அப்பாவைப் பற்றி இங்கே எழுதியதை அப்படியே அவர்களுக்கும் எழுதுங்கள்.

மதுரையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புகிற தூரம் இல்லை, ஒரு ராத்திரி தங்கத்தான் வேண்டும். நீலகிரிக்குள் போக இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து அப்படி. இன்னொன்று, ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கினால் கிட்டத்தில்தான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவு, வெளி மாவட்ட வண்டிகளை அந்தப் பக்கம் இறங்க விடுவதில்லை. கூடலூர், தெப்பக்காடு சுற்றித்தான் போக வேண்டும். அப்பாவுக்கு முட்டிவலி இருந்தால் வழியில் ரெண்டு மூன்று இடத்தில் நிறுத்திப் போங்கள்.

உசிலம்பட்டி கால்நடை டாக்டர் (ஓய்வு):

தம்பி, முதலில் மயிலை விஷயம். அது ஏக்கத்தில் செத்தது என்று ஊரில் சொல்லியிருப்பார்கள், அது வெறும் பேச்சு இல்லை. கழுதை ஜோடி சேர்ந்து வாழ்கிற பிராணி, ஒன்றைப் பிரித்தால் மற்றது தீவனத்தை விட்டுவிடும். மாடு ரெண்டு நாள் சரியாகத் தின்னாவிட்டாலும் தாங்கும், கழுதை தாங்காது. வயிறு காலியானதும் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கலக்க ஆரம்பிக்கும், அளவு மீறினால் ஈரலும் சிறுநீரகமும் கெட்டுவிடும். அந்த நிலையில் ரத்தம் எடுத்து வைத்தால் மேலே பால் மாதிரி வெளுத்துத் தெரியும். ஹைப்பர்லிபீமியா என்போம். உங்கள் மயிலையைப் பார்க்காமல் அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற நாள் கணக்கு அதோடு ஒத்துப்போகிறது. ரெண்டையும் சேர்த்து விற்றிருக்க வேண்டும், அல்லது ரெண்டையும் வைத்திருக்க வேண்டும். இதை அன்றைக்கு உங்கள் அப்பாவுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை, தப்பு எங்களைப் போன்றவர்களிடமும் இருக்கிறது. மாட்டுக்கு ஊர் ஊராக முகாம் போட்டோம், கழுதைக்காக எத்தனை பேர் கொட்டகைப் படி ஏறினோம்?

அகத்திக்கீரை வேண்டாம். பாசத்தில்தான் கேட்கிறார், தெரிகிறது. பசுவுக்கு அது சரி. கழுதை வறண்ட பூமியின் பிராணி, சோளத்தட்டை, காய்ந்த புல் மாதிரி நார்த்தீவனம்தான் அதன் உடம்புக்கு ஒத்துவரும். செழிப்பான தீவனம் போட்டால் பிடரியில் கொழுப்பு கட்டும், குளம்புக்குள் வீக்கம் வந்து நடக்க முடியாமல் போகும். பிரெட், சோறு எதுவும் கூடாது. கையால் ஊட்டிப் பழக்கினால் அடுத்து வருகிறவரின் கையைக் கடிக்கும். அந்தக் காசைக் காப்பகத்திலேயே கொடுத்துவிடுங்கள், குடற்புழு மருந்துக்கு ஆகும்.

கிட்டே போகும்போது பின்பக்கமாகப் போகாதீர்கள், அதற்குத் தெரியாது. உங்கள் மகளுக்கும் சொல்லிவிடுங்கள். தோள்பட்டைப் பக்கம் கொஞ்சம் தள்ளி நின்றால் போதும், தானாக வரும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். அங்கே இருப்பவற்றில் பல மனிதர் கையால் அடிபட்டவையாக இருக்கும். கழுதைக்கு 50 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 1965-லேயே விதி வந்துவிட்டது, சூளையில் யார் எடை போட்டுப் பார்க்கிறார்கள்?

வைகைக்கரைப் பொண்ணு:

டாக்டர் ஐயா சொன்ன ஜோடி விஷயத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அக்கா இங்கிலாந்தில் இருந்தபோது டெவனில் சிட்மவுத் ஊரில் உள்ள டாங்கி சாங்சுவரிக்குக் கூட்டிப்போனாள். எலிசபெத் ஸ்வெண்ட்சன் என்ற அம்மா 1969-இல் தொடங்கியது. நுழைவுக் கட்டணமே கிடையாது, உலகத்திலேயே பெரிய கழுதைக் காப்பகங்களில் ஒன்று. ஒவ்வொன்றின் கழுத்துப் பட்டையிலும் பெயர் எழுதியிருக்கும். நான் பார்த்த ரெண்டு கிழக் கழுதைகள் ஒன்றின் முதுகில் ஒன்று தலையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே நின்றன. ஜோடியில் ஒன்று செத்தால் உடலை உடனே தூக்க மாட்டார்களாம், மற்றது முகர்ந்து பார்த்து, தானாக விலகிப் போகிற வரை விட்டுவைப்பார்களாம். இதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அண்ணே, உங்கள் அப்பாவிடம் இதை இப்போது சொல்ல வேண்டாம், அங்கே போய்ப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

உசிலம்பட்டி கால்நடை டாக்டர் (ஓய்வு):

ஆமாம்மா, அதுதான் சரியான முறை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிப்பவர்களில் இன்னும் கழுதை வைத்திருப்பவர் யாராவது இருந்தால் தெரியாத வியாபாரிக்குக் கொடுக்காதீர்கள். 2012 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 3.2 லட்சம் இருந்தவை 2019-இல் 1.2 லட்சம்தான். லாரியும் டிராக்டரும் வந்தது ஒரு காரணம். ஆனால் சீனாவில் எஜியாவோ என்று ஒரு மருந்துக்காகத் தோலைக் காய்ச்சுகிறார்கள், அந்தத் தோலுக்காக உலகம் முழுக்கக் கழுதைகளை வெட்டுகிறார்கள். இனி வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது என்றால் காப்பகத்தில் கேளுங்கள், ஜோடியாகக் கேளுங்கள்.

செல்லூர்க்காரன்:

போய் வந்துவிட்டோம். எழுதிக் கேட்டோம், வரச் சொன்னார்கள். அகத்திக்கீரை கொண்டுபோகவில்லை, பணமாகக் கொடுத்துவிட்டோம்.

அப்பா வேலி ஓரமாக ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சாம்பல் நிறப் பெட்டை வந்து அவர் தோளை முகர்ந்தது. காதின் அடியில் விரலை விட்டுச் சொறிந்து கொடுத்தார், அது கீழுதட்டைத் தொங்கவிட்டு, பாரம் முழுவதையும் அவர் மேல் சாய்த்துவிட்டது. அப்புறம் முட்டிவலியையும் பார்க்காமல் குத்தவைத்து அதன் முன்னங்காலைத் தடவினார். குளம்புக்கு மேலே வளையம் மாதிரி வெள்ளை முடி, தளை போட்ட தழும்பு. "நானும் இப்படித்தான் கட்டினேன்" என்றார். எழுந்ததும் அங்கே வேலை செய்கிற பையனிடம் "இதோட ஜோடி எது தம்பி?" என்று கேட்டார். அவன் தூரத்தில் மரத்தடியில் நின்ற ஒன்றைக் காட்டினான். அது எங்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா ரெண்டு அடி பின்னால் நகர்ந்து அதற்கு வழி விட்டார்.

வைகைக்கரைப் பொண்ணு சொன்னதைத் திரும்பும் வழியில் ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்கும்போது சொன்னேன். கேட்டுக்கொண்டார், பதில் சொல்லவில்லை.

டாக்டர் ஐயா, சமயநல்லூர் பக்கம் அப்பாவுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இன்னும் ரெண்டு கழுதை வைத்திருக்கிறார். ஒன்றுக்குக் குளம்பு வளர்ந்து நுனி வளைந்து போயிருக்கிறது, நடக்கவே சிரமப்படுகிறது. நாளைக்கு அவரைப் பார்க்கப் போக வேண்டும் என்று அப்பா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். கழுதைக்குக் குளம்பு வெட்டத் தெரிந்தவர் நம் பக்கம் யாராவது இருக்கிறார்களா? நீங்களே வருவதாக இருந்தால் வண்டி எடுத்துக்கொண்டு உசிலம்பட்டிக்கு நானே வந்துவிடுகிறேன்.