கிளாஸ்ரூம் சேர்கிறது, டைனிங் ரூம் பிரிகிறது: ஏதாவது விதி உண்டா?

அச்சகத் தம்பி:
சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பள்ளி டைரிகளுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். தமிழில் ஒற்றுப்பிழை இருந்தால் கண் தானாகவே அங்கே போய் நின்றுவிடும். ஆங்கிலக் கூட்டுச்சொற்களில்தான் திணறுகிறேன். நேற்று ஒரே பக்கத்தில் 'கிளாஸ்ரூம்' சேர்ந்திருந்தது, 'டைனிங் ரூம்' பிரிந்திருந்தது, 'ஹாஃப்-இயர்லி' இடைக்கோட்டோடு நின்றது. மூன்றும் சரி என்கிறது அகராதி.

போன வருடம் விதிமுறைப் பக்கத்தில் 'பிரிங் திஸ் டைரி எவ்ரிடே' என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். மூவாயிரம் பிரதிகள் திரும்பி வந்தன. முதலாளி திட்டவில்லை. ஆனால் அந்தத் தாளை ஒவ்வொன்றாகக் கிழித்து, புதிய தாளை ஒட்டிய பைண்டிங் அக்காக்களின் பசை படிந்த விரல்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. இந்த வருடம் அப்படி நடக்கக் கூடாது.

பழைய வாத்தியார்:
தம்பி, முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தியவன் சொல்கிறேன்: எல்லாச் சொல்லுக்கும் பொருந்தும் ஒரே விதி கிடையாது. இந்தச் சொற்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டினால் 'டு-டே', 'டு-மாரோ' என்று இடைக்கோட்டோடு பார்க்கலாம். 2007இல் வந்த ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆறாம் பதிப்பு ஏறக்குறைய 16,000 சொற்களில் இடைக்கோட்டை எடுத்துவிட்டது. அதில் 'ஐஸ் கிரீம்' இரண்டாகப் பிரிந்தது, 'பம்பிள்பீ' ஒன்றாகச் சேர்ந்தது. அகராதி எழுதுகிறவர்களே மாற்றிக்கொள்ளும்போது நீங்கள் தடுமாறியது குற்றமே இல்லை.

ஆனாலும் சில பிடிகள் உண்டு. முதல் பாதி 'இங்' என்று முடிந்தால் பெரும்பாலும் பிரித்தே எழுதுவார்கள்: டைனிங் ரூம், வெயிட்டிங் ரூம், சுவிம்மிங் பூல். பெட்ரூம், பாத்ரூம் போன்ற குட்டிச் சொற்கள் பழகிப் பழகி ஒட்டிக்கொண்டன.

உங்களைச் சுட்ட சொல்லுக்கு வருகிறேன். அந்த இடத்தில் தமிழில் 'தினமும்' என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் 'எவ்ரி டே' என்று பிரியுங்கள். 'அன்றாட' பொருந்தினால் சேருங்கள்: 'எவ்ரிடே லைஃப்', அன்றாட வாழ்க்கை. டைரியைத் தினமும் கொண்டுவர வேண்டும், ஆகவே அங்கே இடைவெளி வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா சொன்ன சோதனையை நானும் குறித்துக்கொண்டேன். 'லாக் இன்' எனக்கு வெகுநாள் தலைவலியாக இருந்தது. இறந்தகாலத்தில் சொல்லிப் பார்த்த பிறகுதான் தெளிந்தது: 'லாக்ட் இன்' என்று காலம் நடுவில் வந்து உட்காருகிறது. உட்கார இடம் வேண்டுமே! அதனால் வினையாக வந்தால் பிரிக்கிறேன், பெயராக வந்தால் 'லாகின்' என்று சேர்க்கிறேன். 'செட் அப்', 'பேக் அப்' எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

காதையும் நம்பலாம். 'கிரீன்', 'ஹவுஸ்' இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது 'கிரீன்' மட்டும் அழுந்தினால் அது செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம். 'ஹவுஸ்' என்பதும் சேர்ந்து அழுந்தினால் பச்சைப் பெயின்ட் அடித்த வீடு.

பழைய வாத்தியார்:
காது பொருளைக் காட்டும், எழுத்தைக் காட்டாது அம்மா. 'டைனிங் ரூம்' என்பதிலும் முன்பாதிதான் அழுந்துகிறது, எழுதும்போதோ பிரிக்கிறோம். எழுத்துக்கு அகராதிதான் கதி. தம்பி, ஏதாவது ஓர் அகராதியைப் பிடித்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அதையே பின்பற்றுங்கள். ஒரு பக்கத்தில் 'ஈ-மெயில்', அடுத்த பக்கத்தில் 'ஈமெயில்' என்று வந்தால் அதுதான் பிழை.

அச்சகத் தம்பி:
நன்றி ஐயா, நன்றி அக்கா. தமிழில் 'கடைப்பிடி' என்பதில் ஒற்று விடுபட்டால் கடையைப் போய்ப் பிடிக்க வேண்டியதாகிவிடும் என்று எங்கள் ஃபோர்மேன் அடிக்கடி சொல்வார். 'எவ்ரி டே' நடுவில் இருக்கும் இடைவெளியும் அப்படித்தான் என்று இப்போது புரிகிறது. பெற்றோர் செயலிக்கான பக்கத்தில் 'லாகின் வித் யுவர் மொபைல் நம்பர்' என்று இருந்தது. பிரித்துவிட்டேன். பிளேட் நாளைக் காலைதான் போடுகிறார்கள்.