இரண்டு நிற வலுவான கை: 3 டைமண்டுக்கு மேல் என்ன சொல்வது?

பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடுபவர்கள் உதவ வேண்டும். சென்ற ஞாயிறு சென்னையில் ஜோடி ஆட்டம், இரு தரப்பும் வல்னரபிள் (சொன்னதை எடுக்காவிட்டால் அபராதம் கூடுதல்). என் கை:

ஸ்பேடு: ஏஸ், ராஜா, ராணி, 7, 4
ஆர்ட்டின்: ஏஸ், ராணி, ஜாக்கி, 8, 6
டைமண்ட்: 5
கிளாவர்: ராஜா, 3

பெரிய சீட்டுகளைக் கணக்கிட்டால் 19 புள்ளிகள். வலப்பக்கத்தவர் ஏலத்தை 1 டைமண்ட் என்று தொடங்கினார். மைக்கேல்ஸ் முறைப்படி (எதிராளியின் நிறத்தையே சொல்லி, ஸ்பேடும் ஆர்ட்டினும் நீளமாக இருப்பதைக் காட்டுவது) 2 டைமண்ட் சொன்னேன். எங்கள் உடன்பாட்டில் அது பலவீனமான கை, அல்லது மிக வலுவானது. இடப்பக்கம் 3 டைமண்ட். பிறகு இரண்டு பாஸ்.

டபுள் (எதிராளியின் ஏலத்தின் மேல் பந்தயத்தை உயர்த்துவது) சொன்னால், பார்ட்னர் பாஸ் சொல்லி எதிராளியை 3 டைமண்டிலேயே ஆட விட்டுவிடலாம். நேரே 4 ஆர்ட்டின் போனால், அவரிடம் மூன்று ஸ்பேடும் ஒற்றை ஆர்ட்டினும் இருக்கும்போது வம்பு. 4 டைமண்ட் சொல்லி நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். ஆனால் அவர் கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் நான்காம் மட்டம்தான் (பத்து பிடி எடுக்க வேண்டும்). புரட்டிய புத்தகங்கள் 2 டைமண்டோடு நின்றுவிடுகின்றன. பார்ட்னரோ டபுள் என்றே அடம்பிடிக்கிறார் (அவருக்கு எதற்கும் டபுள்தான்).

இந்த இடத்தில் நீங்கள் சொல்வது டபுளா, 4 டைமண்டா?