பாதித் திரை இருட்டு: ஓஎல்இடியா, மினி எல்இடியா?

அரைத்திரை:
வணக்கம். ஒன்பது வருடமாக ஓடிய 43 இஞ்ச் எல்இடி டிவி. போன வாரம் திரையின் கீழ்ப்பாதி இருண்டுவிட்டது, சத்தம் மட்டும் ஒழுங்காக வருகிறது. புதிதாக 55 இஞ்ச் எடுக்கலாம் என்று முடிவு. ஓஎல்இடியா, மினி எல்இடியா? ஹாலில் ஒரு பக்கம் முழுக்க சன்னல். பகலெல்லாம் அப்பா செய்தி பார்ப்பார், ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் படம் பார்ப்பேன். நடுவில் கியூஎல்இடி என்று வேறு ஒன்று சொல்கிறார்கள். அதுவும் ஓஎல்இடியும் ஒன்றுதானா?

கும்மிருட்டு:
ஓஎல்இடி. யோசிக்கவே வேண்டாம் சகோ. முதலில் பெயர்க் குழப்பம்: கியூஎல்இடி என்பது எல்சிடிதான், சாம்சங் 2017-ல் வைத்த பெயர். பின்னால் நீல விளக்கு, அதன் முன்னால் குவாண்டம் டாட் என்கிற நுண்துகள் பூசிய தாள், அதற்கும் முன்னால் அதே பழைய எல்சிடி பேனல். நிறம் நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. குவாண்டம் டாட்டுக்கு 2023-ல் வேதியியல் நோபலே கிடைத்தது. ஆனால் இருட்டு? எல்சிடி என்பது எரியும் விளக்குக்கு முன்னால் சாத்திய கதவு. எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இடுக்கில் வெளிச்சம் கசியும். ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே எரிகிறது. கறுப்பு வேண்டுமென்றால் அணைந்துவிடும். அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு ராத்திரிக் காட்சி பாருங்கள், டிவி எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

சன்னலோரம்:
"அறை விளக்கை அணைத்துவிட்டு." சரி. அவர் "ஒரு பக்கம் முழுக்க சன்னல்" என்று எழுதியிருப்பதைப் படித்தீர்களா? பகல் பன்னிரண்டு மணிக்குச் சூரியனை எந்த ரிமோட்டில் அணைப்பது? அதிலும் திரை முழுக்க வெள்ளையாக வந்தால் ஓஎல்இடி தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். சின்னப் பொட்டு அளவுக்கு 1000 நிட்ஸைத் (வெளிச்சத்தின் அளவு) தாண்டுகிற மாடல்கூட முழு வெள்ளைக்கு 200, 300 என்று இறங்கிவிடும். பனிமலைக் காட்சி வந்தால் மேகம் மூடியது போல் மங்கும்.

அப்புறம் பர்ன்-இன், அதாவது ஒரே படம் ஓடி ஓடித் திரையில் விழும் தழும்பு. பிராண்ட் பெயர் வேண்டாம், என் ஓஎல்இடி மூன்றாவது வருடத்தில் காட்டியது. வீட்டில் ஒரே செய்திச் சேனல்தான் ஓடும், கீழே சிவப்புப் பட்டை. ஒருநாள் பாலைவனக் காட்சி. மஞ்சள் மணலின் அடியில், பட்டை ஓடும் அதே உயரத்தில், அழுக்குத் துணியால் துடைத்தது போல ஒரு கோடு. சிவப்புப் பிக்சல்கள் மட்டும் அந்த இடத்தில் களைத்துப்போய்விட்டன. வாரண்டியில் வராது என்று கைவிரித்துவிட்டார்கள். அவருடைய அப்பாவும் பகலெல்லாம் செய்திதான் பார்க்கிறார், கவனியுங்கள்.

கும்மிருட்டு:
ஒரு கேள்வி. ராத்திரி டிவியை ரிமோட்டில் அணைப்பீர்களா, சுவரில் சுவிட்சையும் சேர்த்து அணைப்பீர்களா?

சன்னலோரம்:
சுவரில்தான். ஏன்?

கும்மிருட்டு:
அங்கேதான் பாதி வினை. ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் அந்த டிவி தன் பிக்சல்களை அளந்து, தேய்ந்ததற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துச் சமன் செய்யும். நாள் தவறாமல் மின்சாரத்தைப் பிடுங்கினால் அந்த வேலை நடக்கவே நடக்காது. மூன்று வருடமும் நீங்கள் அதைத் தூங்க விடவில்லை.

சன்னலோரம்:
இது பெட்டியோடு வந்த புத்தகத்தில் எங்கேயோ பொடி எழுத்தில் இருந்திருக்கும். ஒப்புக்கொள்கிறேன், தப்பு என் பக்கமும் உண்டு. ஆனால் அந்தச் சமன் செய்வது ஒப்பனைதானே, போன ஆயுள் திரும்பி வராது. சுவிட்சை அணைக்கலாமா கூடாதா என்று கேட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டிய டிவியை அப்பா கையில் கொடுக்கச் சொல்கிறீர்களா?

கும்மிருட்டு:
சரி, உங்கள் மினி எல்இடிக்கு வருவோம். அதுவும் எல்சிடிதான், பின்னால் இருக்கும் குட்டி விளக்குகளை மண்டலம் மண்டலமாக ஏற்றி இறக்குவார்கள். 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல். பின்னால் 1000 மண்டலமாகப் பிரித்து விளக்கு வைத்திருக்கிறார்கள் என்றே வையுங்கள். ஒரு மண்டலத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம் பிக்சல். அதில் ஒரே ஒரு நட்சத்திரம் மின்னினாலும் அந்த எட்டாயிரத்துக்கும் பின்னால் விளக்கு எரிந்தாக வேண்டும். இருட்டுக் காட்சியில் வெள்ளை சப்டைட்டில் வரட்டும், எழுத்தைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு வெளிச்சம் நிற்கும். எழுத்து மறைந்தால் புகையும் மறையும், அடுத்த வரிக்குத் திரும்ப வரும். ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் படத்தைப் பார்க்க மாட்டீர்கள், புகையைத்தான் பார்ப்பீர்கள். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தால் இன்னும் மோசம். பல மினி எல்இடிகளில் இருப்பது விஏ என்கிற வகை எல்சிடி பேனல், பக்கவாட்டில் நிறம் வெளுக்கும்.

சன்னலோரம்:
ஓஎல்இடியில் மட்டும் கண்ணில் படாதா? சினிமா நொடிக்கு 24 பிரேம். ஒவ்வொன்றும் சுமார் 42 மில்லிசெகண்ட் நிற்கும். எல்சிடி மெதுவாக மாறுவதால் ஒன்றோடொன்று கொஞ்சம் கரைந்துவிடும். ஓஎல்இடி பிக்சல் ஒரு மில்லிசெகண்டுக்குள் மாறிவிடுவதால், கேமரா பக்கவாட்டில் மெல்ல நகரும்போது கட்டடங்கள் தத்தித் தத்திப் போகும். அதைச் சரிசெய்ய, இடையில் பிரேம் சேர்க்கிற மோஷன் செட்டிங்கைக் கூட்டினால் சினிமா சீரியல் மாதிரி ஆகிவிடும்.

கும்மிருட்டு:
அந்த ஒரு விஷயத்தில் வாதாட வரவில்லை. எனக்கும் அது எரிச்சல்தான். மோஷன் செட்டிங்கை இரண்டு புள்ளி மட்டும் வைத்துப் பழகிவிட்டேன்.

பழையபிளாஸ்மா:
நீங்கள் இருவரும் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் பழைய ஞாபகம் வருகிறது. இதே சண்டையை பிளாஸ்மாவுக்கும் எல்சிடிக்கும் நடுவே நாங்கள் போட்டோம், பர்ன்-இன் உட்பட. பிளாஸ்மா என்பது வாயு அடைத்த குட்டி அறைகளே பிக்சலாக எரியும் திரை, 1964-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்த நுட்பம். பானாசோனிக் 2013 கடைசியில் நிறுத்தியது, அடுத்த வருடம் சாம்சங்கும் எல்ஜியும் கடையைக் கட்டின. என் கணிப்பில் அதைக் கவிழ்த்தது விற்பனைக் கூடத்து விளக்குதான். மேலே நூறு டியூப்லைட் எரிகிற இடத்தில் எல்சிடி பளிச்சென்று நிற்கும், பக்கத்தில் பிளாஸ்மா சோகையாகத் தெரியும். ராத்திரி அறையில் எது ஜெயிக்கும் என்று அங்கே நின்று பார்க்க முடியாதே. (அறையைச் சூடாக்கும், கரண்டைக் குடிக்கும், அதுவும் உண்மைதான்.) அரைத்திரை, கடையில் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

ஸ்க்ரூடிரைவர்:
டிவி ரிப்பேர்தான் என் தொழில். யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன்: இருண்ட பாதியில் படமே இல்லையா, வெளிச்சம் மட்டும் இல்லையா? ராத்திரி டிவியைப் போட்டுவிட்டு, டார்ச்சைத் திரைக்கு ஒட்டினாற்போல் சாய்த்து அடித்துப் பாருங்கள்.

அரைத்திரை:
ஐயா, இன்றைக்கு மேல்பாதியும் போய்விட்டது, முழு இருட்டு. நீங்கள் சொன்னபடி மொபைல் டார்ச்சை அடித்தேன். வெளிச்சம் விழுந்த வட்டத்துக்குள் செய்தி வாசிப்பவரின் முகம் தெரிகிறது! மங்கலாக, வெளுத்துப்போய், ஆனால் உதடு அசைகிறது. டார்ச்சை நகர்த்தினால் கீழே ஓடும் எழுத்துகூடத் தெரிகிறது. அப்பா பின்னால் வந்து நின்று, "இப்படியே பிடி, வானிலை சொல்லி முடிக்கட்டும்" என்றார்.

ஸ்க்ரூடிரைவர்:
அப்படியானால் உங்கள் பேனல் நன்றாக இருக்கிறது, கும்மிருட்டு சொன்ன கதவுக்குப் பின்னால் விளக்குதான் செத்திருக்கிறது. பெரும்பாலும் எல்இடி ஸ்ட்ரிப். குட்டிக் குட்டி எல்இடிகளை வரிசையாகக் கோத்திருப்பார்கள், ஒன்று போனால் அந்த வரிசையே அணையும். விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் பகுதியாகவும் இருக்கலாம், திறந்து வோல்டேஜ் பார்த்தால் தெரியும். ஸ்ட்ரிப் என்றால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்தது சில மாதத்தில் போகும். நீங்களே கழற்ற வேண்டாம். பேனலைத் தூக்கும்போது ஒரு மூலை வளைந்தால் போச்சு. மாற்றியபின் பேக்லைட்டை 100-ல் வைக்காதீர்கள், 60 போதும். ஒன்பது வருடமும் 100-ல்தான் வைத்திருந்தீர்கள், சரிதானே?

அரைத்திரை:
100-தான். அப்பாவுக்குப் பகலில் தெரிய வேண்டுமே.

சன்னலோரம்:
அப்பாவுக்கு வெளிச்சம் வேண்டும் என்று முதல் பதிவிலிருந்தே சொல்கிறேன்.

கும்மிருட்டு:
சகோ, அந்த 43-ஐ ரிப்பேர் செய்து ஹாலில் சன்னலுக்கு எதிரே அப்பாவுக்கு விட்டுவிடுங்கள். 100-ல் வைக்காமல் இருக்க ஒரு திரைச்சீலை போடுங்கள். 55-ஐ உங்கள் அறையில் மாட்டுங்கள். எதை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சன்னலோரம்:
சுவரில் சுவிட்சை அணைக்காதீர்கள், அவ்வளவுதான்.