புதுப்பிப்பு: மாமர நிழலில் பட்டுப்போன கொரியன் புல்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சென்னை வீட்டில் மாமரத்தடிக் கொரியன் புல் மஞ்சளாகித் திட்டுத்திட்டாகக் காய்வதைப் பற்றிக் கேட்டிருந்தேன். உரம் போட்டும் எடுபடவில்லை. "நிழலுக்கு பஃபலோ புல்தான்" என்ற யோசனையே பலித்தது. ஆடியில் கொடித்துண்டுகளை அரையடி இடைவெளியில், கணு மண்ணுக்குள் போகும்படி நட்டேன். ஐப்பசி மழைக்குள் தரை மூடிவிட்டது. இலை அகலம், வெறுங்காலுக்குக் கொஞ்சம் முரடு, பரவாயில்லை. 3 அங்குலத்துக்குக் கீழே வெட்டுவதில்லை. வெயில் பக்கம் பழைய அருகம்புல்லே இருக்கிறது.

எதிர்பாராதது, கொட்டிய செம்மண்ணோடு வந்த கோரை. பிடுங்கினால் தாள் மட்டும் கையோடு வரும். கிழங்கு உள்ளேயே நின்று மறுபடி முளைக்கும். மழை விட்ட ஈரத்தில் களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டி எடுக்கிறேன். களைக்கொல்லி யோசனையை மட்டும் மாமரத்துக்குப் பயந்து தொடவில்லை.