ஆறு மணிக்கு எழுந்து போனா தப்பா? (ஜப்பான் ஆபீஸ், புதுசா வந்தவங்களுக்கு)

கேள்வி

வணக்கமுங்க. கோயம்புத்தூர்ல இருந்து டோக்கியோ வந்து மூணு மாசம் ஆச்சு. ஐடி வேலை, ஜப்பான் கம்பெனி. என் வேலை ஆறு மணிக்கு முடிஞ்சிடுது, ஆனா பக்கத்துல ஒருத்தரும் எழுந்திரிக்கிறதில்ல. நானும் ஏழரை வரைக்கும் எக்ஸெல்லைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கேன். ஆள் பத்தலைன்னு டிவியில தினமும் சொல்றாங்க. அப்படின்னா இருக்கிறவனை நல்லா வெச்சுக்கணும் இல்லீங்களா? எதுக்கு இப்படிப் பிழியறாங்க? சீனியர் அண்ணனுங்க யாராச்சும் சொல்லுங்க.

நிஷிகசாய்ல இருந்து

தம்பி, நான் டோக்கியோ வந்து பதினோரு வருஷம். கடமை உணர்ச்சி, சாமுராய் ரத்தம்னு யூடியூப்ல சொல்றதை நம்பி மனசைக் குழப்பிக்காதீங்க. இதுக்குப் பின்னாடி இருக்கிறது கணக்கு.

ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் பெரிய கம்பெனிகள்ல எழுதாத ஒப்பந்தம் ஒண்ணு உருவாச்சு. உன்னை வேலையை விட்டு அனுப்ப மாட்டோம், வயசு ஏற ஏறச் சம்பளம் ஏறும். பதிலுக்கு எந்த ஊருக்கு மாத்தினாலும் போகணும், எவ்வளவு நேரம் கேட்டாலும் இருக்கணும். ஆர்டர் குவிஞ்சா புது ஆள் எடுக்க மாட்டாங்க, இருக்கிறவங்க நேரத்தைக் கூட்டுவாங்க. ஆர்டர் குறைஞ்சா ஆளைக் குறைக்காம ஓவர்டைமைக் குறைப்பாங்க. வேலை நிரந்தரமா இருக்கணும்னா நேரம் நீண்டு சுருங்கணும். உங்க பக்கத்து சீட்டு ஐம்பது வயசுக்காரர் அந்த ஒப்பந்தத்துல வந்தவர். நீங்க அதுல இருக்கீங்களான்னு முதல்ல பாருங்க.

இந்த ஏற்பாடு ஓடணும்னா கீழே நிறைய இளசுங்க, மேலே கொஞ்சம் பெரியவங்கன்னு இருக்கணும். 1947-49ல வருஷத்துக்கு 26 லட்சத்துக்கு மேல குழந்தைங்க பிறந்த நாடு, அப்ப ஓடுச்சு. 1989 கடைசி வர்த்தக நாள்ல நிக்கே (ஜப்பான் பங்குச்சந்தைக் குறியீடு) 38,915 புள்ளியில நின்னுச்சு, அப்புறம் சரிஞ்சது. அந்த உயரத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி ஆயிடுச்சு. சரிஞ்சப்ப கம்பெனிகள் உள்ளே இருந்த பெரியவங்களை அனுப்பல, வாசலைச் சாத்திட்டாங்க. 1993ல இருந்து 2004 வாக்குல காலேஜ் முடிச்சவங்களுக்கு 'பனியுகத் தலைமுறை'ன்னே பேரு. பலர் ஒப்பந்த வேலை, மணிக்கூலின்னு அலைஞ்சாங்க. நிலையான சம்பளம் இல்லாதவன் எங்கே கல்யாணம் பண்றது, குழந்தை பெத்துக்கிறது? என் பார்வையில இப்போ இருக்கிற ஆள் பஞ்சத்துக்கு ஒரு பெரிய வேர் அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷம்தான். 2024ல பிறந்த ஜப்பானியக் குழந்தைங்க சுமார் 6.86 லட்சம் பேர். வேலை செய்யிற வயசுக்காரங்க 1995ல 8.7 கோடி இருந்தாங்க, இப்போ 7.4 கோடி அளவு.

ஆள் குறைஞ்சா சம்பளம் ஏறணுமேன்னு கேப்பீங்க. முப்பது வருஷமா பெரிசா ஏறல. குடும்பத்தலைவிங்களைப் பகுதி நேரத்துக்கும், அறுபதுல ரிட்டயர் ஆனவரைக் குறைஞ்ச சம்பளத்துக்கும் எடுத்து ஓட்டையை அடைச்சாங்க. யூனியன்களும் வேலை இருந்தாப் போதும்னு அடக்கி வாசிச்சாங்க. 2024ல யூனியனும் கம்பெனிகளும் வசந்தகாலத்துல நடத்துற சம்பளப் பேச்சுவார்த்தையிலதான் 33 வருஷத்துக்கு அப்புறம் உயர்வு 5 சதவீதத்தைத் தாண்டுச்சு. விலைவாசி அதுல பாதியைத் தின்னுடுச்சு, அது வேற கதை.

இப்போ நீங்க செய்ய வேண்டியது. உங்க வேலை ஒப்பந்தத்தை எடுத்து 'மினாஷி ஸாங்யோ'ன்னு ஏதாச்சும் இருக்கான்னு பாருங்க, 'கொதே ஸாங்யோ'ன்னும் இருக்கும். சம்பளத்துக்குள்ளேயே இத்தனை மணி நேர ஓவர்டைம் அடக்கம்னு அர்த்தம். என் முதல் கம்பெனியில (பேர் வேண்டாம்) 45 மணி நேரம் அடக்கம். அது தெரியாம மாசம் நாப்பது மணி நேரம் கூட உழைச்சு, காசு வரும்னு ஸ்லிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்த முட்டாள் நான். அடங்கின நேரத்தைத் தாண்டினா தனியாக் கொடுத்தே ஆகணும். சட்டப்படி ஓவர்டைமுக்கு வழக்கமான வரம்பு மாசம் 45, வருஷம் 360 மணி நேரம். பெரிய கம்பெனிக்கு 2019ல இருந்தும் சின்னதுக்கு 2020ல இருந்தும் இருக்கு. ஆறு மாசம் முடிஞ்சா 10 நாள் சம்பள லீவு. அதுல 5 நாள் எடுக்க வைக்கிறது கம்பெனியோட பொறுப்பு.

ஆறு மணி விஷயம்: அஞ்சரைக்கே மேனேஜர்கிட்ட இன்னைக்கு முடிஞ்சது, நாளைக்குச் செய்யப் போறதுன்னு ரெண்டு வரி சொல்லிடுங்க. அப்புறம் 'ஒசாகி நி ஷித்சுரே ஷிமாஸ்'. உங்களுக்கு முன்னாடி போறேன், மன்னிக்கணும்னு அர்த்தம். முன்னாடி போறவனுக்குன்னே ஒரு வாக்கியம் வெச்சிருக்கிற ஊருங்க இது. சொல்லாம நழுவினாத்தான் தப்பா எடுத்துக்குவாங்க. ரெண்டு வாரம் முதுகு குறுகுறுக்கும், அப்புறம் பழகிடும்.

நீகாத்தா பக்கம், முதியோர் இல்லத்துல வேலை

அண்ணே, ஆபீஸ்காரங்களுக்கு நீங்க சொல்றது சரி. நான் திருநெல்வேலி, தொக்குதே கினோ விசாவுல (ஆள் பத்தாத துறைகளுக்கான தொழில்திறன் விசா) வந்தவ. இங்க பழக்கத்துக்காக யாரும் உக்காந்திருக்கல. ராத்திரி ஷிப்டுக்கு வர வேண்டிய ஆளு வரலன்னா என்ன வாக்கியம் சொல்லிட்டுப் போறது? பாட்டிமாரை விட்டுட்டு எந்திரிக்க மனசு வராது. அதைத்தான் நிர்வாகம் நம்பிட்டு இருக்கு.

இந்த விசாவுல வர்ற பிள்ளைகளுக்கு ரெண்டு விஷயம். அதே துறைக்குள்ள வேற இல்லத்துக்கு மாறலாம், குடியேற்ற அலுவலகத்துல அனுமதி வாங்கணும். ஏஜென்ட் முடியாதும்பான், நம்பாதீங்க. இதுல முதல் வகை விசா பொதுவா மொத்தம் 5 வருஷம்தான், குடும்பத்தைக் கூட்டிட்டு வர முடியாது. அதுக்குள்ள கைகோ ஃபுகுஷிஷி (முதியோர் பராமரிப்புக்கான அரசுத் தகுதி) தேர்வு எழுதிப் பாஸானா விசா மாறும், குடும்பமும் வரலாம். ஜப்பானிய மொழியை மொத நாள்ல இருந்தே பிடிங்க.

கேட்டவர், ஒரு வாரம் கழிச்சு

அண்ணா, நேத்து ஆறேகாலுக்குக் கிளம்பிட்டேனுங்க. மேனேஜர் நிமிர்ந்து பாக்காமலே 'ஒத்சுகாரே'ன்னார், உழைச்சதுக்கு நன்றின்னு சொல்ற மாதிரி. அவ்வளவுதான்! ஒப்பந்தத்துல 30 மணி நேரம் அடக்கம்னு போட்டிருக்கு. அப்புறம், பென்ஷன்னு பிடிக்கிறாங்களே, அது போன காசா?

நிஷிகசாய்ல இருந்து

30 தாண்டுற நாள்ல வந்த நேரம், போன நேரம் ரெண்டையும் உங்க போன்லயும் குறிச்சு வெச்சுக்கங்க.

பென்ஷன் 9.15 சதவீதம் உங்க பங்கு, அதே அளவு கம்பெனியும் போடுது. நூத்துக்கு 29 பேர் 65 தாண்டின நாடு, யாராச்சும் கட்டணும் இல்ல. போன காசுன்னு சொல்ல முடியாது. ஊர் திரும்பின ரெண்டு வருஷத்துக்குள்ள விண்ணப்பிச்சா ஒரு பகுதி திரும்பி வரும், அதிகபட்சம் 5 வருஷத்துக்கான கணக்கு. ஆனா அதை வாங்கிட்டா அந்த வருஷங்கள் அழிஞ்சிடும். 10 வருஷம் இருந்தா இங்கேயே பென்ஷன் உண்டு. இந்தியாவோட பென்ஷன் ஒப்பந்தம் 2016 அக்டோபர்ல இருந்து இருக்கு, அங்க கட்டின காலத்தையும் தகுதிக்குச் சேர்த்துக்கலாம். அதனால அவசரப்பட்டு வாங்காதீங்க.

இன்னொண்ணு. குடியிருப்பு வரி போன வருஷ வருமானத்துக்குக் கணக்கு. அதனால இப்போ பிடிக்க மாட்டாங்க, அடுத்த ஜூன்ல இருந்து ஆரம்பிக்கும், பத்து சதவீதம் அளவுக்கு. இப்ப வர்ற சம்பளத்தை முழுசுன்னு நம்பி ஊர்ல சீட்டு, லோன்னு எதையும் ஏத்துக்காதீங்க. நான் ஏத்துக்கிட்டேன்.