பாதையே இல்லாத எரிமலைக் காட்டில் சின்ன ஏரிகளைத் தேடி நடப்பது: விவரம் வேண்டும்

செம்புறாங்கல் (பள்ளத்தூர்):
ஆகஸ்ட் கடைசியில் போர்ட்லாண்டில் மகள் வீட்டில் இருப்போம். அங்கிருந்து வாஷிங்டன் மாநிலத்து இந்தியன் ஹெவன் வனப்பகுதிக்கு இரண்டு நாள் போக உத்தேசம், மூன்று பேர். பாதையோரத்து ஏரிகளோடு நிற்காமல், வரைபடத்தில் எந்தப் பாதையும் தொடாத நீலப் பொட்டுகளுக்கும் போய்ப் பார்க்க ஆசை. நடை எங்களுக்குப் பழக்கம்தான், அடர்காடு புதிது. ஓடையைப் பிடித்துக்கொண்டே ஏரிக்குப் போய்விடலாமா? காரைக்குடியில் வாங்கிய காம்பஸ் போதுமா? புறப்படுவதற்குள் நம்ம பக்கம் எங்கே பழகலாம்?

கலுங்கடி (தேவகோட்டை):
அண்ணே, ஓடையை நம்பிப் போகாதீங்க. நம்ம கண்மாய் என்றால் வரத்துக்கால், மடை, கலுங்கு என்று இருக்கும். ஒன்றைப் பிடித்தால் கரைக்கு வந்துவிடலாம். அங்கே அடியில் இருப்பது எரிமலைக்குழம்பு உறைந்த பாறை. வெடிப்பும் துளையுமாகக் கிடப்பதால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். பல குட்டைகளுக்கு வரத்தும் கிடையாது, போக்கும் கிடையாது. பனி உருகிப் பள்ளத்தில் தங்கிய தண்ணீர், அவ்வளவுதான். அதனால் ஆகஸ்ட் கடைசியில் சின்னப் பொட்டுகள் சில வெறும் சேறாக இருக்கும். ராத்தங்கலுக்குப் பெரிய ஏரியாகப் பார்த்து வையுங்க, குட்டைகளைப் பகலில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

வரைபடத்திலும் ஒரு சிக்கல். அமெரிக்க நில அளவைத் துறையின் 1:24,000 தாளில் அந்தப் பகுதிக்குச் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் கோடுகள்) 40 அடிக்கு ஒன்று. 30 அடி மேடும் 30 அடிப் பள்ளமும் தாளில் தெரியாமலே போகலாம். சமதளம் என்று நினைத்துப் போனால் நூறு மீட்டருக்கு ஒரு தடவை ஏறி இறங்க வேண்டியிருக்கும், நடுவில் விழுந்து கிடக்கும் மரங்கள் வேறு. பாதையில் மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடப்பவர்கள் இங்கே ஒரு கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் சரியாக இருக்கும்.

மேற்குப் பக்கம் தாமஸ் ஏரிப் பாதையில் தொடங்குங்க. தாமஸ், டீ, ஹெதர் ஏரிகள் சீக்கிரமே வந்துவிடும். அங்கே தொடங்கச் சொல்வதற்குக் காரணம் வேறு: பசிபிக் கிரெஸ்ட் என்ற நெடும்பாதை வனப்பகுதியின் நடுவே வடக்குத் தெற்காக ஓடுகிறது. அதற்கும் மேற்குச் சாலைக்கும் இடையில் எங்கே திசை தப்பினாலும் நேர்கிழக்கே நடந்தால் அந்தப் பாதையில் முட்டியாக வேண்டும். ஒவ்வொரு குட்டைக்கும் கிளம்பும் முன் 'தப்பினால் எதில் போய் முட்டுவோம்' என்று மூன்று பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்க. முட்ட எதுவும் இல்லாத குட்டை என்றால் அதை விட்டுவிடலாம்.

ரஸ்தா வண்டி (காரைக்குடி):
இந்தக் காலத்தில் எதற்குக் காம்பஸ்? மேப்பை முன்கூட்டியே இறக்கிவைத்து, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று இருந்தால் இரண்டு நாளைக்குத் தாராளம்.

நாலுபத்தி (கானாடுகாத்தான்):
போன் இருக்கட்டும் தம்பி, அதுதான் முதல் கருவி. ஆனால் அது இருக்கும் இடத்தைத்தான் சொல்லும். மரம் அடைத்த காட்டில் எந்தப் பக்கம் நடக்கிறோம் என்பதைக் காம்பஸ் சொல்ல வேண்டும். போன் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்பது தனி.

செம்புறாங்கல் அண்ணனுக்கு: காம்பஸை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக ஓடும் கோடு) தென் தமிழ்நாட்டுக்கு ரொம்பப் பக்கம் என்பதால் இங்கே முள் ஏறக்குறையப் படுத்தே நிற்கும். வாஷிங்டனில் பூமியின் காந்தப்புலம் நன்றாகச் சாய்ந்து கீழ்நோக்கி இழுக்கும். இந்தப் பக்கத்துக்குச் சமன் செய்த முள்ளை அங்கே கொண்டுபோனால் வடமுனை தாழ்ந்து, கூட்டின் அடியில் உரசி நின்றுவிடும். அது சுற்றாமல் நிற்பதைப் பார்த்து 'வடக்கு காட்டிவிட்டது' என்று நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

அடுத்தது காந்த விலக்கம், அதாவது முள் காட்டும் வடக்குக்கும் வரைபடத்து உண்மை வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசம். நம்ம ஊரில் இரண்டு டிகிரிக்குள்தான், கண்டுகொள்ளாமல் விட்டாலும் பாதகமில்லை. அங்கே ஏறக்குறைய 15 டிகிரி கிழக்கு. போகவேண்டிய திசையை வரைபடத்தில் 100 டிகிரி என்று எடுத்தால் காம்பஸில் 85 டிகிரி பார்த்து நடக்க வேண்டும். மறந்தால் ஒரு கிலோமீட்டருக்கு 260 மீட்டர் விலகிப் போவீர்கள். ஐம்பது மீட்டர் அகலக் குட்டை கண்ணிலேயே படாது. விலக்கத்தைத் திருகி வைத்துக்கொள்ளும் வசதி உள்ள காம்பஸ் என்றால் இந்தக் கழித்தல் வேலையே இல்லை. இன்னொன்று, கருங்கல் மாதிரி இருக்கும் அந்த எரிமலைப் பாறையே முள்ளை இழுக்கும். பாறைமேல் வைத்துப் பார்க்காமல், எழுந்து நின்று நெஞ்சுக்கு நேராகப் பிடியுங்கள். பத்தடி தள்ளிப் போய் மறுபடி பாருங்கள். இரண்டும் ஒத்துவந்தால் நடக்கலாம்.

பழகுவதற்குக் குன்றக்குடி பக்கத்துப் பொட்டலே போதும். முதலில் வெட்டவெளியில் 100 மீட்டர் அளந்து, இடக்கால் எத்தனை தடவை ஊன்றுகிறது என்று எண்ணுங்கள். அதே தூரத்தைப் புதர் மண்டிய இடத்திலும் நடந்து எண்ணினால் எண்ணிக்கை கூடும். காட்டுக்குள் எவ்வளவு தூரம் நடந்தோம் என்று கணக்கிட அந்த இரண்டாவது எண்தான் அங்கே உதவும். பிறகு சீமைக்கருவேல் அடைப்பு ஒன்றைத் தேர்ந்து சுற்றிப் போகப் பழகுங்கள்: வலப்பக்கம் 90 டிகிரி திரும்பி 40 எட்டு, பழைய திசையில் அடைப்பைத் தாண்டும்வரை, இடப்பக்கம் திரும்பி அதே 40 எட்டு, மறுபடி பழைய திசை. விழுந்த மரத்தைச் சுற்றும்போது இந்தத் திரும்பு எட்டை எண்ணாமல் விடுவதால்தான் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே பக்கம் ஒதுங்கிப் போகிறார்கள்.

உப்புச்சீடை (கோட்டையூர்):
சாப்பாட்டுப் பக்கம்: உப்புக்கண்டத்தை இங்கிருந்து கட்டிக்கொண்டு போகாதீங்க, கஸ்டம்ஸில் விடமாட்டார்கள். அடுப்புக்கான கேஸ் குப்பியும் விமானத்தில் ஆகாது, அங்கேதான் வாங்கணும். கருங்கரடி உள்ள காடு. இட்லிப்பொடி, சீடை, பற்பசை எல்லாம் ஒரே பையில் போட்டு, கூடாரத்திலிருந்து தள்ளி மரத்தில் கட்டித் தொங்கவிடணும். தண்ணீரை வடிகட்டுங்க, இல்லாவிட்டால் கொதி வந்தபின் ஒரு நிமிடம் வையுங்க. குட்டையில் கலங்கல் இருந்தால் பாத்திரத்தில் தெளியவிட்டு மேல்தண்ணீரை எடுக்கணும், இல்லையேல் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கொசு ஜூலையில்தான் உச்சம். உங்கள் தேதி நல்ல தேதி. ஆனால் அது காட்டுத்தீக் காலம், கிளம்பும் முதல்நாள் மூடல் அறிவிப்பு பார்த்துவிடுங்க.

ஈரப் புல்வெளியைக் கடக்கும்போது மூன்று பேரும் வரிசையாகப் போகாமல் பிரிந்து நடங்க, வரிசையில் போனால் புதுத் தடம் விழுந்துவிடும். கூடாரம் கரையிலிருந்து 200 அடி தள்ளி.

செம்புறாங்கல் (பள்ளத்தூர்):
எல்லாருக்கும் நன்றி. தெற்கே பிக் லாவா பெட் என்று பெரிய பரப்பு தெரிகிறதே, அதன் குறுக்கே ஒரு நடை?

கலுங்கடி (தேவகோட்டை):
வேண்டாம் அண்ணே. உள்ளே பாதையோ சாலையோ கிடையாது, காம்பஸை முழுக்க நம்ப முடியாது என்று வனத்துறையே எச்சரிக்கிறது. பாறைத் துண்டுகள் ஆடும். இடுக்கின்மேல் பாசி மூடியிருப்பதால் கால் முழங்கால்வரை இறங்கும். பார்க்க ஆசை என்றால் ஓரத்தில் சாலையை ஒட்டி நின்று பாருங்க. ஏறிப் பார்த்தே ஆகணும் என்றால் தடித்த தோல் கையுறை போட்டு, சாலை கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நின்றுகொள்ளுங்க.